ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டர்: எது பெரிய இழப்பு, 1978-ஆ, 1997-ஆ?

வடக்குவாசல் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்கு வந்து, ஒன்றிரண்டு பனிக்காலத்தைக் கழித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் திரும்பிப் போகவில்லை. பதினைந்து வருடமாக இங்கேதான் இருக்கிறேன்.

ட்ரம்புல் தெருவில் இருக்கும் அந்தப் பெரிய உள்ளரங்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1975 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டர் என்ற பெயரில் திறந்தார்கள். 2007-ல் அது எக்ஸ்எல் சென்டர் ஆனது. 2025-ல் பீப்பிள்ஸ்பேங்க் அரீனா என்று மறுபடி பெயர் மாறியது. ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து, கச்சேரி, மல்யுத்தம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எல்விஸ் பிரெஸ்லி 1976 ஜூலை 28 அன்று இங்கே பாடினார். அதற்கப்புறம் சுமார் ஒரு வருடம்தான் உயிரோடு இருந்தார்.

எனக்கு இந்த இடம் நெருக்கமானது வேறு ஒரு வழியில். சின்ன வயதில் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரைத் தெரியாமல் இருக்காது. அவர் 1990 நவம்பர் 22 அன்று சர்வைவர் சீரிஸில் முதல்முறையாக வந்து நின்றது இந்த அரங்கத்தில்தான். வேலைக்கு வந்த முதல் மாதம் கூட வேலை பார்த்தவர் ஒருவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். மாலையில் நடந்தே போய், மூடியிருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பில் கையில் வைத்திருந்த கார்டு, பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு கட்டிடமாக நிற்கிறது என்று தோன்றியது.

இந்த அரங்கத்தின் கதையில் இரண்டு பெரிய அடி உண்டு. 1978 ஜனவரியில் கூரை அப்படியே உள்ளே விழுந்தது. 1997-ல் வேலர்ஸ் என்ற ஹாக்கி அணி ஊரை விட்டுப் போனது. பழைய ஆட்களிடம் பேசும்போது ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எந்த அடி இந்த ஊரை அதிகமாக உலுக்கியது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

———

இரும்புச்சட்டம் எழுதியது:

நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். ஹார்ட்ஃபோர்டுக்கு வந்ததே இல்லை. ஆனால் அந்தக் கூரையை என் வீட்டுக் கூரையைவிட நன்றாகத் தெரியும். எங்கள் துறையில் பல கல்லூரிகளில் இதை எடுத்து வைத்துப் பாடம் நடத்துவார்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1978 ஜனவரி 17 மாலை. கனெக்டிகட் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் கூடைப்பந்து ஆடின. ஏறக்குறைய 5,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடிகாலை நாலு மணி தாண்டி, 300 அடிக்கு 360 அடி கூரை, சுமார் 1,400 டன், நேராகக் கீழே அந்த நாற்காலிகள் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டரை ஏக்கர் பரப்பு. ஒருவருக்கும் காயமில்லை. சில மணி நேரம் முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் தணிந்துவிடும்.

பனியின் எடையால் விழுந்தது என்று பலர் சொல்வார்கள். பனி ஒரு கை கொடுத்தது, அவ்வளவுதான். அது அந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தக் கூரையும் அதற்கு முன் ஐந்து பனிக்காலத்தைப் பார்த்ததுதான்.

அது ஸ்பேஸ் ஃபிரேம் வகை. மேலே ஒரு கம்பி வலை, கீழே ஒரு கம்பி வலை, நடுவில் சாய்வுக் கம்பிகள். ஒவ்வொரு கட்டமும் 30 அடிக்கு 30 அடி. மேல் வலைக்கும் கீழ் வலைக்கும் 21 அடி இடைவெளி. மொத்தமும் நாலே தூண்கள் மேல். 1970-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டு, வழக்கமான முறையைவிட அரை மில்லியன் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

கோளாறு எங்கே என்றால், மேல் வலைக் கம்பிகளில். கூரைக்கு மேலே எடை வந்தால் மேல்கம்பிகள் அழுத்தப்படும், கீழ்கம்பிகள் இழுக்கப்படும். இழுபடும் கம்பியைப் பற்றிக் கவலை குறைவு. அழுத்தப்படும் கம்பி நசுங்கும் முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். அதைத்தான் பக்லிங் என்கிறோம்.

கையில் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சட்டென்று வில் மாதிரி வளையும். இப்போது இன்னொருவரை அழைத்து, அடிக்கோலின் நடுவை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி அழுத்துங்கள். இந்த முறை கை வலிக்கும். நடுவில் பிடித்ததும் வளையக்கூடிய நீளம் பாதியாகிறது. நீளம் பாதியானால் தாங்கும் சுமை நாலு மடங்கு. இது 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டு சொன்ன கணக்கு.

ஹார்ட்ஃபோர்டில் 30 அடி மேல்கம்பிகளின் நடுவை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டருக்குக் கணக்குக் கொடுத்தார்கள். அதாவது 15 அடி. உண்மையில் ஓரத்துக் கம்பிகளின் நடுவை ஒரு தளத்தில்தான் ஒழுங்காகப் பிடித்திருந்தது. இன்னொரு தளத்தில் அவை முழு 30 அடி நீளத்துக்கும் வளைய முடிந்தது. கணக்கில் போட்ட வலுவில் நாலில் ஒரு பங்குதான் கையில் இருந்தது. சாய்வுக் கம்பிகளும் மேல்கம்பியோடு நேராகச் சேராமல் சில அங்குலம் கீழே சேர்ந்தன. கூரைத் தகடுகள் மேல்கம்பி மேல் படாமல் குட்டைக் கால்கள் மேல் உட்கார்ந்திருந்ததால் அந்தத் தகடுகளும் பிடிமானம் தரவில்லை.

பின்னால் விசாரித்த லெவ் ஸெட்லின் அசோசியேட்ஸ் நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கிழக்கு மேற்கு ஓரத்து மேல்கம்பிகள் தாங்க வேண்டியதைவிட 852 சதவீதம் அதிகச் சுமையில் இருந்தன. வடக்கு தெற்கு ஓரத்தில் 213 சதவீதம். கூரையின் சொந்த எடையையே 20 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள்.

அந்தக் கூரை 1978-ல் திடீரென்று விழவில்லை. தூக்கி வைத்த நாளிலிருந்தே ஓரத்திலிருந்து ஒவ்வொரு கம்பியாக வளைந்து, தன் சுமையைப் பக்கத்துக் கம்பிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசிக் கம்பி எந்த இரவில் கைவிடும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

———

மாடிவரிசை எழுதியது:

சார், அடிக்கோலை என் பொண்ணை வைத்துச் செய்து பார்த்தேன். அவள் நடுவில் பிடித்ததும் என்னால் வளைக்கவே முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஆச்சரியம்.

ஒரு சந்தேகம். ஐந்து வருடமாகக் கம்பி வளைந்துகொண்டே வந்தது என்றால் ஒருவர் கண்ணிலுமா படவில்லை? அவ்வளவு பெரிய கூரை, பராமரிப்பு ஆட்கள், எஞ்சினியர்கள் எல்லாரும் இருந்திருப்பார்களே?

———

இரும்புச்சட்டம் எழுதியது:

பட்டது அம்மா. அதுதான் இதில் எனக்குப் பொறுக்காத பகுதி.

கூரைச் சட்டத்தைத் தரையில் வைத்துக் கோத்து, அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். தரையில் இருக்கும்போதே தொய்வு அதிகமாக இருப்பதைக் கவனித்தவர்கள் உண்டு. 1973-ல் தூக்கி வைத்தபின் அளந்தால், கம்ப்யூட்டர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு தொய்வு. கணக்குக்கும் நிஜத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சகஜம்தான் என்று பதில் வந்தது.

அப்புறம் ஓரத்து முகப்புத் தகடு பொருத்த வந்த ஒப்பந்ததாரர். அவருடைய ஆட்கள் தகட்டைத் தூக்கிப் பிடித்தால் துளை துளையோடு சேரவில்லை. சட்டம் அவ்வளவு கோணியிருந்தது. அவர் சொல்லியிருக்கிறார். எப்படியாவது சமாளியுங்கள், இல்லையென்றால் தாமதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவரும் சில தாங்கிகளை வெட்டியும் சிலவற்றை மாற்றிப் பொருத்தியும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தகட்டுத் துளையைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். கம்ப்யூட்டருக்குத் தெரியாதது, ஏணி மேல் நின்று கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு துளையைத் தேடிய ஒரு தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. கட்டிடம் அவரிடம்தான் முதலில் பேசியது. ஊர்க்காரர்கள் சிலரும் கூரை தொய்கிறதே என்று கேட்டார்கள். பாதுகாப்பாக இருக்கிறது என்றே அவர்களுக்கும் பதில்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரணம் பற்றி எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. லூமிஸ் அண்ட் லூமிஸ் நிறுவனம், கம்பிகள் முறுக்கிக்கொண்டு வளைந்ததுதான் காரணம் என்றது. ஒவ்வொரு மேல்கம்பியும் நாலு ஆங்கிளை, அதாவது L வடிவ இரும்புச் சட்டத்தை, சிலுவை வடிவில் சேர்த்துச் செய்தது. அந்த வடிவத்துக்கு முறுக்கைத் தாங்கும் வலு குறைவு. ஸ்கோர்போர்டைக் கூரையோடு சேர்த்த வெல்டிங் விட்டுப்போனதுதான் தொடக்கம் என்று ஹான்ஸ்கார்ல் பாண்டெல் என்ற எஞ்சினியர் சொன்னார். வழக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பு வரை போகாமல், சில வருடம் கழித்துச் சமரசமாக முடிந்தது. அதனால் இன்னார்தான் பொறுப்பு என்ற ஒரு வரி எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவே இல்லை.

———

மேப்பிள்நிழல் எழுதியது:

வணக்கம். நான் ரொறன்ரோவில் வளர்ந்த பெடியன். ஹொக்கி பார்த்துத்தான் ஆங்கிலம் படித்தேன் என்று அம்மா இன்றும் சொல்லுவா. வேலர்ஸைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூரை விழுந்தபோது அவர்கள், வட அமெரிக்காவின் முதல்நிலை ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் அணியே இல்லை. நியூ இங்கிலண்ட் வேலர்ஸ் என்ற பெயரில் டபிள்யூஎச்ஏ என்ற போட்டி லீக்கில் ஆடினார்கள். பொஸ்ரனில் தொடங்கி, 1973-ல் அந்த லீக்கின் முதல் கோப்பையை வென்று, பொஸ்ரனில் புரூயின்ஸ் என்ற என்எச்எல் அணியின் நிழலில் நிற்க முடியாமல் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தவர்கள். சிவிக் சென்டர் திறந்ததே அவர்களுக்கு ஒரு சொந்த வீடு கிடைத்த மாதிரி. மூன்று வருடத்தில் அந்த வீட்டின் கூரை போய்விட்டது.

அந்த நேரம் அணியில் இருந்தவர் ஹொக்கியின் பெரிய நட்சத்திரம் கோர்டி ஹவ். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டரை மாதம். மகன்கள் மார்க், மார்ட்டி இரண்டு பேரும் அதே அணி. அப்பாவும் பிள்ளைகளும் ஒரே ஜெர்சியில்.

கூரை விழுந்ததும் அணி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. வடக்கே சுமார் 40 கிலோமீற்றர். அடுத்த இரண்டு வருடத்துக்கு மேல், வேலை முடிந்து இன்டர்ஸ்டேட் 91-இல் பனிக்குள் கார் ஓட்டிப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு நடு இரவில் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு '91 கிளப்' என்றே பெயர். எந்த ஊரிலும் அணிக்கு ரசிகர் இருப்பார்கள். கூரை இல்லாத அணிக்கு, இன்னொரு மாநிலம் வரை போய்க் கை தட்டிய ரசிகர்கள் எத்தனை ஊரில் இருப்பார்கள் சொல்லுங்கள்.

1979-ல் டபிள்யூஎச்ஏ மூடுகிறது. நாலு அணிகளை என்எச்எல் எடுத்துக்கொள்கிறது: எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபோர்டு. நாலில் அமெரிக்க ஊர் இது ஒன்றுதான். பீட்டர் குட் வரைந்த அந்தச் சின்னமும் அப்போது வந்ததுதான். கீழே டபிள்யூ, மேலே திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் நடுவில் வெற்றிடமாக எச். ஒருமுறை அந்த எச் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிறகு 1980 பெப்ரவரி. 5-ஆம் திகதி டெட்ரொயிட்டில், லீக்கின் சிறந்த வீரர்கள் சேர்ந்து ஆடும் ஓல் ஸ்டார் ஆட்டம். 51 வயது கோர்டி ஹவ்வும் அடுத்த தலைமுறை நட்சத்திரம் 19 வயது வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரே பனித்தளத்தில். ஹவ் 25 வருடம் ஆடிய ஊர் அது. சனம் எழும்பி நின்று கை தட்டினது, விடவே இல்லை. மறுநாள் 6-ஆம் திகதி, ஹார்ட்ஃபோர்டில் புதுக் கூரையோடு அரங்கம் திரும்பத் திறந்தது. ஹவ் அந்த சீசனில் 80 ஆட்டமும் ஆடினவர். டெட்ரொயிட்டில் அவ்வளவு கைதட்டு வாங்கிவிட்டு, அடுத்த நாளே ஹார்ட்ஃபோர்டின் புதுக் கூரைக்குக் கீழே வந்து நின்றார்.

1978 இழப்பு என்று சொல்கிறீர்கள். நான் இல்லை என்பேன். கூரை விழுந்த பிறகுதான் அந்த ஊருக்கும் அணிக்கும் கலியாணம் நடந்தது.

———

வடக்குவாசல் எழுதியது:

தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெப்ரவரி 5, 6 சேர்ந்து வருவதை நான் கவனித்ததே இல்லை.

ஒரு சின்னக் கூட்டல். திரும்பக் கட்டியபோது அளவையும் பெரிதாக்கினார்கள். முதலில் ஹாக்கிக்குச் சுமார் 10,500 இருக்கை. மறுபடி திறந்தபோது 14,500 அளவுக்கு வந்தது. விழுந்த இடத்திலேயே, முன்பைவிடப் பெரிதாக. ஊரில் ஒருவருக்காவது இந்த இடமே வேண்டாம் என்று தோன்றியிருக்கும். ஆனாலும் திரும்பக் கட்டினார்கள்.

1986-ல் என்எச்எல் ஆல் ஸ்டார் ஆட்டமே இங்கே நடந்தது. அதே வருடம் வேலர்ஸ் பிளேஆஃபில் கியூபெக்கை வென்று, மாண்ட்ரியலிடம் ஏழாவது ஆட்டத்தில் ஓவர்டைமில் தோற்றார்கள். இரண்டாவது சுற்றுத் தோல்விதான். ஆனால் ஊரே திரண்டு தெருவில் ஊர்வலம் விட்டது. வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் காலியாகிப்போகும் டவுன்டவுன் இது. அந்த ஒரு நாள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

———

பேரேடு எழுதியது:

எல்லாரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள், நன்றாக இருக்கிறது. நான் கணக்கு பார்க்கிறவன், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹார்ட்ஃபோர்டு நகர எல்லைக்குள் சுமார் 1,20,000 பேர்தான். ஒரு பக்கம் பாஸ்டன், நூறு மைல். இன்னொரு பக்கம் நியூயார்க், அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம். டிவி வருமானம், விளம்பரம் எல்லாவற்றையும் இந்த இரண்டு ஊரும் இழுத்துக்கொள்ளும். மேலும் இது ஒரு ஷாப்பிங் மாலோடு ஒட்டிக் கட்டிய அரங்கம். 1975-ல் அது புது யோசனை. ஆனால் 1990-களில் என்எச்எல் அணிகள் பணம் சம்பாதித்தது பெரிய கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் சொகுசு அறைகளில். பழைய அரங்கத்தில் அதற்கு இடம் போதாது.

டபிள்யூஎச்ஏ-விலிருந்து வந்த நாலு அணிகளையும் பாருங்கள். கியூபெக் 1995-ல் டென்வர் போனது. வின்னிபெக் 1996-ல் ஃபீனிக்ஸ் போனது. ஹார்ட்ஃபோர்டு 1997-ல் வட கரோலினா போனது. வருடத்துக்கு ஒன்று. எட்மன்டன் மட்டும் நின்றது. இதை ஒரு ஊரின் துரோகமாகவோ ஒரு முதலாளியின் துரோகமாகவோ மட்டும் பார்க்க முடியாது. 1994-ல் அணியை வாங்கிய பீட்டர் கர்மனோஸ், ஒப்பந்தம் முடியும் முன் கிளம்ப 20.5 மில்லியன் டாலர் கட்டினார். அப்படிக் கட்டிவிட்டுப் போகிறார் என்றால், இங்கே இருந்தால் அதைவிட அதிகம் நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

———

மேப்பிள்நிழல் எழுதியது:

பேரேடு அண்ணா, கணக்கு சரி. ஆனால் போன இடத்தையும் பாருங்கோ. ராலே நகரில் அரங்கம் தயாராகவில்லை. முதல் இரண்டு சீசனும் கிரீன்ஸ்பரோவில் ஆடினார்கள். 20,000 பேருக்கு மேல் கொள்ளும் மண்டபம், பாதிக்கு மேல் வெறுங்கதிரை. ஹார்ட்ஃபோர்டில் அதைவிடச் சனம் வந்தது. ஊரில் பாசம் இல்லாமல் அணி போகவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைசி ஆட்டம் 1997 ஏப்ரல் 13, டாம்பா பே அணியோடு. 2-1 என்று வென்றார்கள். வென்ற கோலை அடித்தது கப்டன் கெவின் டினீன். வேலர்ஸின் கடைசி கோல் அது. ஆட்டம் முடிந்தும் சனம் எழும்பவில்லை. அந்த ஒளிப்பதிவை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் தெரியாது. மணி அடித்த பிறகும் வீரர்கள் தளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், ஒருவருக்கும் வெளியே போக மனம் வரவில்லை.

வின்னிபெக்குக்கு 2011-ல் அணி திரும்பி வந்தது. ஹார்ட்ஃபோர்டுக்கு இன்னும் இல்லை.

———

பேரேடு எழுதியது:

அந்த ஒளிப்பதிவை நானும் பார்த்திருக்கிறேன். பாசம் இருந்தது, மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலர்ஸ் போன அடுத்த வருடமே, 1998 நவம்பரில், நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி ஹார்ட்ஃபோர்டுக்கு வருவதாக ஆளுநர் ஜான் ரோலண்டும் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டும் அறிவித்தார்கள். 1999 ஏப்ரலில் கிராஃப்ட் பின்வாங்கினார். ஒரு ஊருக்கு இரண்டு வருடத்தில் இரண்டு அடி. இதைப் பார்த்தபிறகு பெரிய அணியை நம்பி மக்கள் பணத்தைப் போடுவது பற்றி எனக்குத் தயக்கம் வந்தது. என் கருத்து என்னவென்றால், அரங்கம் பொதுச் சொத்து. அணி தனிச் சொத்து. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் 1997 இவ்வளவு வலித்தது.

———

மாடிவரிசை எழுதியது:

நான் ஒன்று சொல்லலாமா? மூன்று பக்கமாகப் படிக்கிறேன், 1997-க்குப் பிறகு அந்த அரங்கமே இல்லை என்பதுபோல் எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு அந்த இடம் 1997-க்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

2010 டிசம்பர் 21. ஊரில் சரியான குளிர். அலுவலகத் தோழி ஒருத்தி டிக்கெட் இருக்கிறது வா என்று இழுத்துக்கொண்டு போனாள். கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, எதிரணி ஃப்ளோரிடா ஸ்டேட். கூடைப்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மேல் வரிசையில் இடம். கீழே பார்த்தால் ஆட்கள் விரல் நகம் அளவுக்குத்தான் தெரிந்தார்கள். பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி, கழுத்து வரை கோட்டு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீராங்கனையையும் சொந்தப் பேத்தி மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்று அவர்கள் வென்றால் தொடர்ந்து 89-ஆவது வெற்றி. 1970-களில் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் அணி 88 ஆட்டம் தொடர்ந்து வென்ற சாதனையைத் தாண்டும். வென்றார்கள், 93-62. மாயா மூர் மட்டும் 41 புள்ளி. அரங்கம் நிரம்பி வழிந்தது. பதினாறாயிரம் பேர் எழுந்து நின்றபோது கான்கிரீட் படிக்கட்டு என் செருப்புக்குக் கீழே அதிர்ந்தது. இரும்புச்சட்டம் சார், அப்போது கூரைக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மேலே பார்த்திருப்பேன்.

பெண்கள் ஆட்டம் பார்க்கப் பதினாறாயிரம் பேர் காசு கொடுத்து, பனியில் நடந்து வந்திருக்கிறார்கள். வேலர்ஸ் கொடியும் மேலே தொங்கியது. ஆனால் அந்த இரவில் அந்த இடம் யாரையும் இழந்த இடமாக எனக்குத் தெரியவில்லை. மறுநாளே என் பெண்ணைப் பந்தாட்ட வகுப்பில் சேர்த்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. அந்த அணி அதற்குப் பிறகு 111 ஆட்டம் வரை தொடர்ந்து வென்று அந்தச் சாதனையையும் தாண்டியது. 2025-ல் பன்னிரண்டாவது தேசியப் பட்டமும் எடுத்தார்கள்.

ஹாக்கியும் அங்கே நிற்கவில்லையே. வேலர்ஸ் போன அதே 1997-ல் ஹார்ட்ஃபோர்டு வூல்ஃப் பேக் வந்தது. ஒரு படி கீழே உள்ள லீக்தான். 2000-ல் அந்த லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார்கள். குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பார்க்கக்கூடிய விலை.

———

வடக்குவாசல் எழுதியது:

மாடிவரிசை, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. கேள்வியை நான் கேட்ட விதத்திலேயே, இழந்ததை வைத்துத்தான் ஒரு கட்டிடத்துக்கு வரலாறு என்ற நினைப்பு இருந்திருக்கிறது.

அந்த மால் பற்றியும் சொல்கிறேன். 2000-களின் நடுவில் இடித்துவிட்டு, ஹார்ட்ஃபோர்டு 21 என்ற 36 மாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். நான் வந்த புதிதில் எங்களில் சிலர் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும் சத்தம் சமையலறை ஜன்னல் வரை கேட்கும் என்பார்கள். கடைகள் இருந்த இடத்தில் மனிதர்கள் குடியிருப்பது ஊருக்கு நல்லதென்றே நினைக்கிறேன்.

அரங்கத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா, பழையதைச் சரிசெய்யலாமா என்று மாநிலத்தில் பல வருடம் விவாதம் நடந்தது. கடைசியில் சுமார் 145 மில்லியன் டாலரில் புதுப்பிப்பது என்று முடிவானது. பேரேடு, உங்களுக்கு இதில் ஆட்சேபணை இருக்குமா?

———

பேரேடு எழுதியது:

இல்லை, இதற்கு ஆதரவுதான். புது அரங்கத்துக்கு ஆகும் செலவை ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. வராத ஒரு என்எச்எல் அணிக்காகக் கட்டவில்லை, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்காகச் செய்கிறார்கள். கீழ் வரிசை இருக்கைகள், விருந்தினர் பகுதி, ஆட்கள் நடந்து போகும் வழி இதையெல்லாம் முதலில் எடுத்தது சரி. வருமானம் வருவது அங்கேதான்.

———

இரும்புச்சட்டம் எழுதியது:

இழை வேறு பக்கம் போய்விட்டது. ஆனாலும் 1978-ஐ இழப்பே இல்லை என்று தம்பி சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹார்ட்ஃபோர்டு விழுந்த மூன்றாம் நாள், ஜனவரி 21 அன்று, நியூயார்க் லாங் ஐலண்டில் சி. டபிள்யூ. போஸ்ட் கல்லூரியின் குவிமாட அரங்கம் பனியில் விழுந்தது. அதுவும் யாரும் இல்லாத நேரம். அடுத்த வருடம் ஜூனில் கான்சஸ் சிட்டியில் கெம்பர் அரீனா. 1974-ல் கட்டியது. 1976 குடியரசுக் கட்சி மாநாடு நடந்த இடம், கட்டிடக் கலைக்கு விருது வாங்கியது. ஒரு மழைப் புயலில் கூரையில் தண்ணீர் தேங்கி, தொங்கவிட்ட போல்ட்டுகள் முறிந்து நடுக்கூரை விழுந்தது. அதுவும் கிட்டத்தட்டக் காலியாக இருந்த நேரம்.

ஒன்றரை வருடத்துக்குள் மூன்று கூரை. மூன்றிலும் மனிதர்கள் தப்பியது வெறும் நேரத்தால். எங்கள் துறை பிழைத்ததும் அந்த நேரத்தால்தான். இன்று ஒரு பெரிய கூரையின் வரைபடம் என் மேசைக்கு வந்தால் கம்ப்யூட்டர் விடையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் ஒரு காகிதத்தில், இந்தக் கம்பியின் நடுவை யார் பிடித்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்களா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். சைட்டில் யாராவது, சார் துளை சேரவில்லை என்று போன் செய்தால் அன்று வேறு வேலை பார்க்க மாட்டேன். எனக்கு 1978 இதுதான். ஊருக்கு எது பெரியது என்று ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

———

மேப்பிள்நிழல் எழுதியது:

ஐயா, என் வசனத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஹொக்கிக்கு அது கலியாணம் என்று எழுதியிருக்க வேண்டும். ஐயாயிரம் பேர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

வேலர்ஸ் வட கரோலினா போய் எடுத்த புதுப் பெயர் கரோலினா ஹரிகேன்ஸ். அவர்கள் 2018 டிசம்பரில் பழைய பச்சை வேலர்ஸ் ஜெர்சி போட்டு ஒரு ஆட்டம் ஆடினார்கள். பார்க்கச் சந்தோசமும் கவலையும் சேர்ந்து வந்தது. வடக்குவாசல் அண்ணா, புதுப்பித்த பிறகு நீங்கள் உள்ளே போனீர்களா? பச்சை ஜெர்சி போட்டு ஆட்கள் இன்னும் வருகிறார்களா?

———

வடக்குவாசல் எழுதியது:

வருகிறார்கள் தம்பி. போன சனிக்கிழமை வூல்ஃப் பேக் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். என் வரிசைக்கு இரண்டு வரிசை கீழே ஒரு அப்பாவும் பத்து வயது மகனும். இரண்டு பேரும் பச்சை. அப்பாவின் ஜெர்சி வெளுத்து, முதுகில் ஓர் எண் உரிந்து போயிருந்தது. பையனுடையது புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவன் பிறக்கும் முன்பே போய்விட்ட அணி. இடைவேளையில் பையன் மேலே கைகாட்டி ஏதோ கேட்டான். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பதில் சொன்னார். கொடியைப் பற்றிச் சொன்னாரா, கூரையைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை.

மாடிவரிசை, பெண்கள் அணி அடுத்து இங்கே ஆடும் தேதி பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் பெண்ணையும் அழைத்து வாருங்கள். மேல் வரிசையிலேயே எடுக்கிறேன்.